கருவறையின் கதை – 9: முட்டையிட்டுப் பால் கொடுத்தவள்

1827-இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர் ஒரு பெட்டை நாயின் சினைப்பையைப் பிளந்து, பாலூட்டிக்கும் முட்டை உண்டு என்பதைக் கண்ணால் கண்டதைச் சென்ற இதழில் பார்த்தோம். குட்டி போடும் உயிருக்குள்ளும் ஒரு முட்டை ஒளிந்திருக்கிறது என்பது அன்றுதான் உறுதியானது. அதே காலத்தில் ஐரோப்பாவின் உடற்கூறு அறைகளை இன்னொரு கேள்வி அலைக்கழித்துக்கொண்டிருந்தது. பால் கொடுக்கும் விலங்கு முட்டையிடுமா? அதற்கு விடை 1884-இல்தான் கிடைத்தது.

அப்பத்தா அறுத்த கோழி

கதைக்குள் போகும்முன் ஒரு கோழியைப் பார்த்துவிடலாம். எங்கள் வீட்டுக்கு விருந்தாள் வந்தால் அப்பத்தா முட்டையை நிறுத்திவிட்ட கோழியாகப் பார்த்துத்தான் பிடிப்பார். ஒருமுறை இருட்டில் தடவியதில் முட்டையிடும் கோழியே கையில் சிக்கிவிட்டது. வயிற்றைக் கீறியதும் முதுகெலும்பை ஒட்டி மஞ்சள் கருக்கள் கொத்தாகத் தொங்கின. மிளகு அளவில் பல, சுண்டைக்காய் அளவில் சில, எலுமிச்சம்பழ அளவில் ஒன்று. கொத்துக்குக் கீழே வெளிறிய குழாய் ஒன்று சுருண்டு சுருண்டு இறங்கியது. அதன் கடைக்கோடியில், ஓடு கட்டி முடித்த ஒரு முழு முட்டை. "இன்னும் இருபது முட்டைக்குக் கொறயாது, பாவம்" என்று அப்பத்தா அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று நாங்கள் பார்த்தது கோழியின் இடப்பக்கச் சினைப்பையும் அதன் குழாயும். பெரும்பாலான பறவைகளில் வலப்பக்கம் வளராமலே சூம்பிப்போகும். குழாயின் மேல்பகுதியில் மஞ்சள் கருவைச் சுற்றி வெள்ளைக் கரு படியும். சற்றுக் கீழே சவ்வு மூடும். அடுத்த அகன்ற பகுதியில் ஓடு கட்டும். அந்த அகன்ற பகுதிக்கு உடற்கூறு நூல்கள் வைத்திருக்கும் பெயரும் கருப்பைதான். பிறகு முட்டை, எச்சமும் சிறுநீரும் வெளியேறும் அதே வாயிலில் வந்துசேரும். மூன்றுக்கும் பொதுவான அந்த வாயிலைப் பொதுப்புழை என்கிறோம்.

பெர்லின் நகரத்தில் பின்னாளில் புகழ்பெற்ற யோஹன்னஸ் முல்லர், 1830-இல் கருக்களின் இனப்பெருக்க உறுப்புகள் எப்படி உருவாகின்றன என்று விவரித்தார். அவர் பெயரால் இன்று முல்லர் குழாய்கள் என்று அழைக்கப்படும் இரண்டு மெல்லிய குழாய்களிலிருந்துதான் கோழியின் முட்டைக் குழாயும் வருகிறது, நம் தாய்மாரின் கருப்பையும் வருகிறது. ஆக, நம் கேள்வி இப்படி மாறுகிறது: ஓடு கட்டிக்கொண்டிருந்த குழாய், பிள்ளையைச் சுமக்கும் அறையாக மாறியது எப்படி?

சாராயப் பீப்பாயில் வந்த விலங்கு

1797-இல் நியூ சவுத் வேல்ஸின் ஆளுநர் ஜான் ஹண்டர், ஹாக்ஸ்பரி ஆற்றருகே ஒரு நீர்நிலையில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவர் ஈட்டியுடன் காத்திருப்பதைக் கவனித்தார். தண்ணீருக்கு மேல் மூச்சுவிட வந்த ஒரு சிறு விலங்கை அவர் குறிதவறாமல் குத்தி எடுத்தார். மயிர் போர்த்த உடல், வாத்தின் அலகு, சவ்வு கோத்த பாதம். பிளாட்டிபஸ் என்று நாம் இன்று அறியும் விலங்கு அதுதான். அடுத்த ஆண்டு ஹண்டர் ஒன்றைச் சாராயத்தில் ஊறவைத்து இங்கிலாந்தின் நியூகாசில் நகர அறிஞர் சங்கத்துக்கு அனுப்பினார்.

1799-இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் ஷா அதற்கு முதல் அறிவியல் வருணனை எழுதினார். யாரோ வாத்தின் அலகை ஒரு விலங்கின் தலையில் ஒட்டியிருக்கிறார்களோ என்ற ஐயத்தை அவர் மறைக்கவில்லை. அந்த ஐயம் விரைவில் தீர்ந்தது. 1802-இல் எவரார்ட் ஹோம் என்ற அறுவை மருத்துவர் ஆணும் பெண்ணுமாக உடல்களை அறுத்துப் பார்த்தபோது, அலகைவிடப் பெரிய வியப்பு உள்ளே இருந்தது. பெண்ணுக்கு முலைக்காம்பு இல்லை. கருப்பை ஒன்றல்ல, இரண்டு தனித்தனிக் குழாய்கள். இரண்டும் சிறுநீர் வழியும் மலவழியும் சேரும் பொதுப்புழைக்கே வந்துசேர்ந்தன. அப்பத்தா அறுத்த கோழியின் அமைப்பு மயிர் போர்த்த உடம்புக்குள் இருந்தது. முட்டையை வயிற்றுக்குள்ளேயே பொரித்துக் குட்டியாக வெளியே விடும் சில பல்லிகளைப் போல இதுவும் இருக்கலாம் என்று ஹோம் முடிவுசெய்தார்.

மூன்று கட்சிகள்

பாரிசில் எத்தியென் ஜெஃப்ரா செயிந்திலேர் இந்த ஒரே வாயிலைக் கொண்டே 1803-இல் இந்தக் கூட்டத்துக்குப் பெயர் வைத்தார். மோனோட்ரீம், அதாவது ஒற்றைத்துளை. இவை முட்டையிடுபவை என்றும், அதனால் பாலூட்டிகளாக இருக்க முடியாது என்றும் அவர் கடைசிவரை வாதாடினார்.

ஜெர்மனியின் ஹாலே நகரத்து உடற்கூறு அறிஞர் யோஹான் மெக்கெல் 1824-இல் பெண் பிளாட்டிபஸின் வயிற்றுத் தோலுக்கடியில் பெரிய சுரப்பிகளைக் கண்டு, இவை பால் சுரப்பிகள் என்று அறிவித்தார். காம்பு இல்லாத சுரப்பி எப்படிப் பால் தரும் என்று கேட்டு ஜெஃப்ரா மறுத்தார். அவை மணம் பரப்பும் சுரப்பிகள் என்பது அவர் கட்சி. மெக்கெலோ, பால் உண்டென்றால் இது பாலூட்டிதான் என்று உறுதியாக நின்றார்.

இந்தச் சண்டையில் ஒரு பாதியைத் தீர்த்து வைத்தவர் நியூ சவுத் வேல்ஸில் பணியிலிருந்த லாடர்டேல் மால் என்ற படை அதிகாரி. ஒரு தாய் பிளாட்டிபஸையும் குட்டிகளையும் வளையிலிருந்து எடுத்து, புழுவும் ரொட்டியும் பாலும் கொடுத்துச் சில நாள் வைத்திருந்தார். தாய் இறந்ததும் சூடு ஆறுமுன் தோலை உரிக்கையில், வயிற்று மயிரினூடே பால் கசிந்து வருவதைக் கண்டார். காம்பு தேவைப்படவில்லை. இரண்டு இடங்களில் தோலின் நுண்துளைகள் வழியே பால் மயிரில் ஊறுகிறது, குட்டி அதை வாங்கிக் குடிக்கிறது. லண்டனின் ரிச்சர்ட் ஓவன் 1832-இல் இந்தச் செய்தியையும் தம் அறுவை ஆய்வையும் சேர்த்து வெளியிட, பால் பற்றிய ஐயம் ஒழிந்தது.

மாலின் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. வளைக்குள் கிடந்த குப்பையில் முட்டையோடு போன்ற துண்டுகள் கிடைத்தன என்று எழுதியிருந்தார். பால் பற்றி அவர் சொன்னதை ஏற்ற உலகம், ஓட்டுத் துண்டை ஏற்கவில்லை. முட்டை வயிற்றுக்குள்ளேயே பொரிகிறது என்ற ஹோமின் கருத்தை ஓவன் கையிலெடுத்து, அடுத்த 50 ஆண்டுகள் விடாமல் பிடித்திருந்தார்.

முட்டையிற் பிறப்பது வேறு, கருப்பையிற் பிறப்பது வேறு என்று நம் பழைய நூல்களும் உயிர்த் தோற்றத்தை வகுத்தன. அப்படி வகுப்பது மனித மனத்தின் இயல்பு. ஆனால் வகுத்த கோட்டின் மேலேயே ஓர் உயிர் வந்து உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது? ஜெஃப்ரா பாலை மறுத்தார், ஓவன் முட்டையிடுவதை மறுத்தார். பாலும் முட்டையும் ஒரே தாயிடம் சேர்ந்திருக்க முடியும் என்று சொல்ல அந்த அறைகளில் துணிவு வரவில்லை.

ஆற்றங்கரையில் இருந்த விடை

வெளியே, ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிராகவே இல்லை. குக்கூகாங் என்ற பழங்குடித் தலைவர், இந்த விலங்கு இரண்டு முட்டையிட்டு அவற்றின் மேல் நெடுநேரம் படுத்திருக்கும் என்றும், இது தம் மக்கள் எல்லாரும் அறிந்த செய்தி என்றும் சொன்னதைப் பாட்ரிக் ஹில் என்ற கப்பல் மருத்துவர் எழுதி அனுப்பினார். 1822-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டிலேயே அது அச்சாகியும் விட்டது. சிட்னி மருத்துவர் ஜார்ஜ் பென்னட் 1832 முதல் பல ஆண்டுகள் வளைகளைத் தோண்டினார். குட்டிகள் கிடைத்தன. முட்டை கிடைக்கவில்லை. பழங்குடியினர் சொன்னதைக் குறித்துக்கொண்டார், நம்பத் தயங்கினார்.

1864-இல் விக்டோரியாவின் தங்கச் சுரங்க ஊர் ஒன்றிலிருந்து ஜான் நிக்கல்சன் என்ற மருத்துவர் ஓவனுக்குக் கடிதம் எழுதினார். பிடித்துக் கட்டிவைத்த ஒரு பிளாட்டிபஸ் இரண்டு முட்டையிட்டிருந்தது. வெண்மையாக, அழுத்தினால் அமுங்கும் மென்மையுடன் இருந்தன என்று விவரித்தார். அச்சத்தால் நேர்ந்த கருச்சிதைவாக இருக்கலாம் என்று ஓவன் விளக்கம் கொடுத்துவிட்டார். கண்ணால் கண்ட சாட்சியும் வகுத்து வைத்த கோட்டைத் தாண்ட முடியவில்லை.

நான்கு சொல் தந்தி

1883-இல் வில்லியம் ஹே கால்ட்வெல் என்ற 24 வயது ஸ்காட்லாந்துக்காரர் கேம்பிரிட்ஜிலிருந்து உதவித்தொகையுடன் ஆஸ்திரேலியா வந்திறங்கினார். டார்வினின் நூல் வெளிவந்த 1859-இல் பிறந்தவர் அவர். பரிணாமக் கொள்கை வேரூன்றிய தலைமுறைக்கு, முட்டைக்கும் கருப்பைக்கும் நடுவே நிற்கும் ஓர் உயிர் குழப்பமாகத் தெரியவில்லை. அப்படி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று பட்டது.

1884-இல் குயின்ஸ்லாந்தின் பர்னெட் ஆற்றங்கரையில் அவர் முகாம் அடித்தார். தேடித் தந்தவர்கள் பழங்குடி மக்கள். முதலில் 50 பேர், பிறகு 150 பேர் வரை. எக்கிட்னா என்னும் முட்கள் போர்த்த எறும்புண்ணி பிளாட்டிபஸின் நெருங்கிய உறவு. எக்கிட்னாக்கள் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் முகாமுக்கு வந்தன. பெண் எக்கிட்னா ஒன்றுக்கு அரை கிரவுன் கூலி. வரத்து கூடக் கூட, அவர்களுக்கு விற்ற மாவு, தேயிலை, சர்க்கரையின் விலையைக் கால்ட்வெல் உயர்த்திக்கொண்டே போனார். பசி தீராமல் இருந்தால்தான் வேலை நடக்கும் என்ற கணக்கை அவரே தம் ஆய்வுக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் அந்தக் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தாங்கள் முன்னமே அறிந்திருந்த உண்மையை நிறுவ, அந்த மக்கள் வயிற்றைக் காயப்போட்டு உழைக்க வைக்கப்பட்டார்கள்.

ஆகஸ்ட் 24 அன்று கால்ட்வெல் ஒரு பெண் பிளாட்டிபஸைச் சுட்டார். அது முதல் முட்டையை ஏற்கெனவே இட்டிருந்தது. இரண்டாவது முட்டை, பாதி விரிந்த கருப்பை வாயில் நின்றது. உள்ளே இருந்த கரு, 36 மணி நேரம் அடைகாத்த கோழிக் குஞ்சின் வளர்ச்சிக்குச் சமமாக இருந்தது. 29-ஆம் தேதி அவர் சிட்னிக்குத் தகவல் அனுப்ப, அங்கிருந்து கனடாவின் மான்ட்ரியலில் கூடியிருந்த பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்க மாநாட்டுக்குத் தந்தி பறந்தது. ஆங்கிலத்தில் நான்கே சொற்கள். ஒற்றைத்துளை விலங்குகள் முட்டையிடுபவை, அந்த முட்டை பகுதியாகவே பிளவுறுகிறது என்பது பொருள். செப்டம்பர் 2 அன்று அது மாநாட்டில் படிக்கப்பட்டது.

தந்தியின் பிற்பாதி முற்பாதிக்கு ஈடான செய்தி. மற்ற பாலூட்டிகளின் கருமுட்டை முழுவதுமாக இரண்டு, நான்கு, எட்டு என்று பிளக்கும். கோழி முட்டையிலும் பல்லி முட்டையிலும் அப்படி இல்லை. மஞ்சள் கரு பெரிது என்பதால் அதன் மேலுள்ள சிறு வட்டுத்தான் பிளவுபடும், மற்றது உணவாக அப்படியே கிடக்கும். ஓட்டில் மட்டுமல்ல, முதல் பிளவிலேயே பிளாட்டிபஸ் கோழியோடும் பல்லியோடும் உறவு காட்டியது.

அதே செப்டம்பர் 2 அன்று அடிலெய்டு நகரில் இன்னொரு முட்டையும் அவைக்கு வந்தது. அங்குள்ள அருங்காட்சியகத்தின் இயக்குநர் வில்ஹெல்ம் ஹாக்கே சில நாட்களுக்கு முன் ஒரு பெண் எக்கிட்னாவின் வயிற்றுப் பையைத் தடவிப் பார்த்திருந்தார். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தால் முட்டை. வியப்பில் விரல்கள் இறுகிவிட, அது கையிலேயே உடைந்துபோனது. உடைந்த ஓட்டைத்தான் அவர் சங்கக் கூட்டத்தில் காட்டினார். ஒரே நாளில், ஒருவரை ஒருவர் அறியாமல், இரண்டு கண்டங்களில் ஒரே விடை. அப்போது 80 வயதாகியிருந்த ஓவனின் கோடு அன்று அழிந்தது.

மூன்று வழி உணவு

பிளாட்டிபஸ் முட்டையைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்ப்போம். சினைப்பையிலிருந்து இறங்கும்போது அது ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். இடும்போது 17 மில்லிமீட்டர் நீளம். கோழி முட்டையில் ஓடு கட்டியபின் எதுவும் உள்ளே புகுவதில்லை. இங்கே தோல் போன்ற மெல்லிய ஓட்டினூடே கருப்பைச் சுவர் சுரக்கும் ஊட்டநீர் உள்ளே இறங்குகிறது, முட்டை பருக்கிறது. மூன்று வாரம் போல உள்ளே இருந்தபின் வளையில் இடப்பட்டு, தாயின் வயிற்றுச் சூட்டில் சுமார் 10 நாளில் பொரிகிறது. அதன்பின் மூன்று நான்கு மாதம் பால்.

மஞ்சள் கரு, கருப்பை நீர், பால் ஆகிய மூன்றும் ஒரே குட்டிக்கு உணவு. ஊர்வனவற்றிலிருந்து வந்த பழைய வழி, பிற்பாடு நஞ்சுக்கொடியாக வளரப்போகும் வழியின் தொடக்கம், பாலூட்டியின் தனிவழி. மூன்றும் ஒரு தாயின் உடம்பில் அக்கம்பக்கமாக இயங்குகின்றன.

இதிலிருந்து ஒரு வரிசை புலப்படுகிறது. ஒற்றைத்துளை விலங்குகளின் கிளை நம் கிளையிலிருந்து பிரிந்து 18 கோடி ஆண்டுகள் போல ஆகின்றன. இரு கிளைகளிலும் பால் இருக்கிறது. ஆகவே பிரிவுக்கு முன்பே பால் இருந்திருக்க வேண்டும். ஓடு நீங்கிக் குட்டி பிறப்பதோ நம் கிளையில் மட்டும், அதற்குப் பிறகு. நம் முன்னோர் பிள்ளை பெறத் தொடங்கும்முன்பே பால் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

2008-இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகர ஆய்வாளர்கள் மரபணுவிலேயே இந்த வரிசையைப் படித்தார்கள். மஞ்சள் கருவுக்கு வேண்டிய புரதத்தை உண்டாக்கும் மரபணு கோழியிடம் மூன்று. பிளாட்டிபஸிடம் வேலை செய்வது ஒன்றே ஒன்று. நம்மிடம் சிதைந்த எச்சங்கள் மட்டும். பாலின் கேசீன் புரத மரபணுக்களோ இந்தச் சிதைவுக்கு வெகுமுன்னரே தோன்றியவை. பால் வந்து தாங்கிக்கொண்டதால் மஞ்சள் கரு மெல்ல மெல்ல விடைபெற முடிந்தது.

இரண்டு குழாய் ஒன்றான இடம்

ஓடு நீங்கியபின் குழாய்களுக்கு என்ன ஆனது? கங்காரு முதலான பைப்பாலூட்டிகளில் கருப்பை இன்றும் இரண்டு. யோனிக்குழாயும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, குட்டி வெளிவர நடுவே மூன்றாவதாக ஒரு வழி. காரணம் மிக எளிய ஒன்று. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர் நாளங்கள் பைப்பாலூட்டிகளில் இரண்டு முல்லர் குழாய்களுக்கும் நடுவே புகுந்து போகின்றன. நடுவில் நாளம் ஓடும்வரை இரண்டு குழாயும் ஒட்ட முடியாது. அகன்ற ஒரே பிறப்பு வழி அமையாத அந்த உடலில், செங்கங்காருக் குட்டி ஒரு கிராம்கூட இல்லாத எடையில் பிறந்து, தவழ்ந்து பைக்குள் ஏறி, அங்கே பாலில் வளர்கிறது.

நம் கிளையில் அந்த நாளங்கள் குழாய்களுக்கு வெளிப்பக்கமாகச் சுற்றிப்போயின. தடை விலகியது. கீழிருந்து மேலாகக் குழாய்கள் ஒட்டத் தொடங்கின. எவ்வளவு தூரம் ஒட்டின என்பதை விலங்குக்கு விலங்கு காணலாம். முயலுக்கு இன்னும் இரண்டு தனிக் கருப்பை. ஆடு, மாடு, நாய்களுக்குக் கீழே ஒன்றாகி மேலே இரண்டு கொம்பாகப் பிரியும் கருப்பை. சினை பார்க்கும் கால்நடை மருத்துவர் கை நுழைத்துத் தேடுவது அந்தக் கொம்புகளைத்தான். குரங்குக்கும் மனிதருக்கும் மேல்வரை ஒட்டி ஒற்றை அறை. ஒட்டாமல் நின்ற மேல்முனைகள் இரண்டுமே நம் கருக்குழாய்கள். சில பெண்களுக்கு இந்த ஒட்டுதல் நிறைவுறாமல் இரட்டைக் கருப்பை அமைந்துவிடுவதுண்டு. அதைக் கேட்டுக் கலங்கி நிற்கும் பெண்ணிடம், அது யார் குற்றமும் இல்லை, நம் எல்லாருடைய உடம்பும் அந்த இரண்டு குழாயிலிருந்துதான் தொடங்கியது என்று சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு என் தங்கை மகளுக்கு ஆறாம் வார ஸ்கேன். துணைக்குப் போயிருந்தேன். கருந்திரையில் ஒரு சாம்பல் நிறப் பை, அதற்குள் வெள்ளை விளிம்பிட்ட குட்டி வளையம் ஒன்று. "இதுதான் யோக் சாக், நல்லா தெரியுது" என்றார் மருத்துவர். மஞ்சள் கருவின் பை. அதில் மஞ்சள் கரு ஒரு துளியும் இல்லை. ஆனால் அந்தப் பை இன்னும் வருகிறது. குழந்தையின் முதல் இரத்த அணுக்கள் அதன் சுவரில்தான் உண்டாகின்றன. அந்தக் குழந்தை வளர்ந்து என்றோ ஒருநாள் பெற்றெடுக்கப்போகும் பிள்ளைகளுக்கான மூல அணுக்களும் முதலில் அங்கேதான் தென்பட்டு, பிறகு நகர்ந்து தம் இடம் சேர்கின்றன.

தங்கை மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த வளையத்தில் அப்பத்தா அறுத்த கோழியின் கொத்து தெரிந்தது. மிளகு அளவில் இருந்ததே, அது.

(அடுத்த இதழில்: 38 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆஸ்திரேலியாவின் கோகோ பாறைகளில், வயிற்றுப் பிள்ளையோடும் தொப்புள் கொடியோடும் கல்லாகிப்போன ஒரு தாய் மீன்.)